வியாழக்கிழமை பி.பி. ரூம்

போன மாதம் ஜெனிபர் போன் செய்தாள். நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனையில் இப்போது தோல் பிரிவில் இருக்கும் நர்ஸ் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவள் எனக்கு ஓய்வு கொடுப்பதாக இல்லை.

"சிஸ்டர், புதுசா போர்டு வச்சிருக்காங்க. 'பெண்களுக்கான பிறப்புறுப்புத் தோல் நோய்ச் சிறப்புப் பிரிவு'ன்னு பெருசா எழுதி லைட்டும் போட்டிருக்காங்க. ஒரு ஈ காக்கா வரல. ஒங்க காலத்துல மட்டும் எப்படி பெஞ்சு நெறைய ஆளு இருந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போர்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மருந்து வாங்கும் வரிசைக்கு நேர் எதிரே என்றாள். சரிதான். அந்த வரிசையில் எந்நேரமும் நாற்பது பேர் நிற்பார்கள், அதில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவராவது கட்டாயம் இருப்பார். அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்த பெண் வீடு திரும்புவதற்குள் சேதி அவளுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விடும். எங்கள் காலத்து ரகசியம் போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீளம் ஆகிவிட்டது. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். முக்கியமான இரண்டு பேரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். ஒருவர் "நல்ல பேரா வை" என்று மட்டும் கட்டளையிட்டார்.

நான் சகாயமேரி. ஆவூர்ப் பக்கம். தஞ்சாவூரில் நர்சிங் படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடினோம், ஊசி போட ஆரஞ்சுப் பழத்தில் பழகினோம், பிறகு அந்த ஆரஞ்சையும் தின்றோம். பெண்ணின் வெளி உறுப்புத் தோலுக்கு வரும் நோய்கள் பாடத்தில் ஒரு பக்கம் இருந்தன. எங்கள் ஆசிரியை அந்தப் பக்கத்தை, "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று திருப்பிவிட்டார். நாங்களும் படித்துக்கொள்ளவில்லை. கன்னத்தில் வந்தால் அதற்குப் பெயர் தோல் நோய், அங்கே வந்தால் அதற்குப் பெயர் வெட்கம் என்ற அளவில்தான் என் அறிவு இருந்தது, டாக்டர் திலகவதி வந்து சேரும் வரைக்கும்.

டாக்டர் திலகவதி எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தோல் மருத்துவராக மாற்றலாகி வந்தவர். என் தோளுயரம்தான் இருப்பார். வராந்தாவில் அவர் பேசினால் பிரசவ வார்டில் கேட்கும். ஆனால் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் குரல் பாதியாகிவிடும். வந்த புதிதில் ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே அறைதான். பெண்கள் வந்து முழங்கையில் இருக்கும் ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டுவார்கள். களிம்புச் சீட்டு வாங்குவார்கள். வாங்கிய பிறகும் போக மாட்டார்கள். வாசல் வரை போய், சேலை முந்தியைத் திருகிக்கொண்டு, "வேற ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். யாரும் கேட்காமலே சொல்லும் அந்த "ஒண்ணும் இல்லீங்க"வில்தான் எல்லாம் இருக்கிறது என்று டாக்டர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

தனி அறை கேட்டார். இல்லை என்றார்கள். இன்னும் சத்தமாகக் கேட்டார். வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, ரத்த அழுத்தம் பார்க்கும் அறையைத் தந்தார்கள். வெளியே 'இரத்த அழுத்தப் பரிசோதனை அறை' என்று பழைய தகரப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற ஏணி எடுத்து வந்த ஆளை டாக்டர் திருப்பி அனுப்பினார்.

"அது அங்கேயே இருக்கட்டும் மேரி. ஆனா வர்றவங்களப் பொய் சொல்ல வைக்கக் கூடாது. எல்லாருக்கும் மொதல்ல பி.பி. பாரு."

அப்படித்தான் எங்கள் பி.பி. ரூம் உருவானது. வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் நான் முதலில் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்ப்பேன். வீட்டில் போய், "பி.பி. பாத்தாங்க, மாத்திரை தந்தாங்க" என்று அவர்கள் சொல்வதில் எள்ளளவும் பொய் இருக்காது. நிஜமாகவே ரத்த அழுத்தம் இருந்து, அது எங்களால் தெரியவந்த பெண்களும் உண்டு. அவர்களுக்கு இரட்டை லாபம். கொஞ்ச நாளில் அறந்தாங்கி, அன்னவாசல், பொன்னமராவதி என்று எல்லாத் திசையிலிருந்தும் வியாழக்கிழமை பி.பி. வர ஆரம்பித்தது.

டாக்டர் நோயாளியைப் பார்க்கும் முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். ஜெனிபர், இதை நீ இரண்டு தடவை படி.

முதலில் நாற்காலி, பிறகுதான் கட்டில். வந்தவுடன் யாரையும் படுக்கச் சொல்ல மாட்டார். எதிரே உட்கார வைத்து, என்ன தொந்தரவு என்று கேட்காமல், "என்ன போட்டீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். நோயைச் சொல்ல வெட்கப்படுகிற பெண்ணும் வைத்தியத்தைச் சொல்ல வெட்கப்பட மாட்டாள். அந்தக் கேள்விக்கு வந்த பதில்களை வைத்து ஒரு மளிகைக்கடையே திறக்கலாம். உப்புப் போட்ட வெந்நீர், வேப்பிலை அரைப்பு, தரை கழுவும் கிருமிநாசினி, முகப்பவுடர், பற்பசை, மகனை மெடிக்கலுக்கு அனுப்பிப் "படைக்கு" என்று சொல்லி வாங்கிய கலவைக் களிம்பு. பாதிப் பேருக்கு நோயைவிட மருந்துதான் பெரிய நோயாக இருக்கும். சோப்பையும் கிருமிநாசினியையும் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னதிலேயே குணமாகிப் போனவர்கள் உண்டு.

பிறகு கட்டில். இடுப்பிலிருந்து முழங்கால் வரை போர்வை. தொடுவதற்கு முன்னால், "இப்ப தொடப் போறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நல்ல விளக்கு வெளிச்சத்தில் மேலிருந்து கீழாக, மடிப்புகளை விலக்கி, பின்பக்கம் வரை பார்ப்பார். வெள்ளையா, சிவப்பா, தடிப்பா, வெடிப்பா, தோல் மெலிந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. அவர் பார்க்கும்போது என் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்பது சட்டம். ஆரம்பத்தில் ஒரு தடவை என் புருவம் லேசாக ஏறியதற்கு, அந்த அம்மா போன பிறகு, "ஒன் புருவம் ரெண்டையும் சிரைச்சு விட்டுருவேன் மேரி" என்றார்.

கடைசியாகக் கண்ணாடி. கீழராஜ வீதியில் வாங்கிய வட்டமான கைக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதை நோயாளியின் கையில் கொடுத்து, அவரையே பார்க்கச் சொல்லி, எந்த இடத்தில் களிம்பு போட வேண்டும் என்று காட்டுவார். பலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் மூன்று மாதமாகக் களிம்பு போட்டும் குணமாகவில்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார். கண்ணாடியைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னால், நோய் ஒரு பக்கம் இருக்க அவர் தொடை இடுக்கில் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு உடற்கூறு படம் வரைந்து காட்டியவர். அவரே சிரித்துவிட்டார்.

எல்லாரும் வெட்கப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் வருவார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே, "இந்தக் கருமம் புடிச்ச அரிப்பு ஒரு வாரமா தூங்க விடல" என்று சந்தையில் விலை சொல்லும் குரலில் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதனால் வந்த பூஞ்சைத் தொற்று. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்ததும் அரிப்பு போய்விட்டது. அடுத்த வாரம் எங்களுக்கு வஞ்சிரம் கொண்டுவந்தார். டாக்டர் சைவம். நான்தான் அந்தத் தியாகத்தைச் செய்தேன்.

இனி அழகம்மை ஆச்சி.

திருமயம் பக்கத்து ஊர். வியாபாரக் குடும்பம், கணவர் சுப்பையா இரும்புக்கடை வைத்திருந்தார். மகன் சிங்கப்பூரில் வேலை. மகளுக்குப் பொன்னமராவதிப் பக்கம் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். ஆச்சி வந்தபோது கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்தார். நாற்காலியில் உட்காரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். டாக்டர் வழக்கம்போல, என்ன போட்டீங்க என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றார் ஆச்சி. சொன்ன வேகத்திலேயே ஏதோ போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தால், இதுவரை நாங்கள் பார்த்த எதைப் போலவும் இல்லை. சிவந்து வீங்கி நீர் கசிந்துகொண்டிருந்தது. நடுநடுவே கரும்பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. தொற்றா, ஒவ்வாமையா, வேறு ஏதாவதா என்று நான் மனதுக்குள் முட்டிக்கொண்டிருந்தேன். என் புருவம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நாடி பார்ப்பதுபோல ஆச்சியின் வலது கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் கறுத்திருந்தன. மற்ற விரல்கள் சுத்தமாக இருந்தன.

"மருதாணிய ரெண்டு வெரலுக்கு மட்டுமா ஆச்சி வைப்பாங்க?"

ஆச்சி உடைந்து போனார். பிறகு எல்லாம் வந்தது. நாலைந்து வருடமாக அரிப்பு. ராத்திரியில்தான் அதிகம். ஒரு நாள் குளிக்கும்போது கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார், தோல் வெள்ளையாக இருந்திருக்கிறது. அவருடைய அத்தைக்கு உதட்டில் வெள்ளை விழுந்ததால் பேசி முடித்த கல்யாணம் நின்று, கடைசிவரை அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்த அத்தையோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர் இவர். தனக்கும் அதே வந்துவிட்டது, வெளியே தெரிந்தால் மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தலைக்குப் போடும் பாக்கெட் கறுப்பு மருதாணியைக் குழைத்து, வெள்ளை தெரியாமல் இருக்க அங்கே பூசிக்கொண்டிருந்தார். வெளுக்கும்போதெல்லாம் மறுபடி பூசினார். அந்தச் சாயம் ஒத்துக்கொள்ளாமல்தான் இந்த வீக்கமும் நீரும்.

அந்த இடத்தை யார் ஆச்சி பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். கிண்டலாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன்.

"யாரு பாக்குறாங்களோ இல்லையோ, நான் பாக்குறேன்ல சிஸ்டர்" என்றார்.

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

சாயத்தை நிறுத்தி, உப்பு நீரில் நனைத்த துணியை வைத்து, ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்ததில் வீக்கம் வடிந்தது. நிறமும் போனது. அதற்கு அடியில் இருந்த நிஜ நோய் அப்போதுதான் தெரிந்தது. தோல் வெளுத்து, மெலிந்து, வெங்காயச் சருகுபோலச் சுருங்கியிருந்தது. முன்னாலிருந்து பின்பக்கம் வரை சுற்றி வந்திருந்தது. உள் மடிப்புகள் ஒட்டிப்போய் இருந்த இடமே தெரியவில்லை. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர். பெயரைக் கேட்டு ஆச்சி மிரண்டார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அத்தைக்கு வந்த வெள்ளையில் நிறம் மட்டும்தான் போகும், பொதுவாக அரிக்காது, தோல் மெலியாது. அதுவும் தொற்றாது, அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தியவர்களைத்தான் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். இது வேறு. அரிக்கும், மெலியும், வெடிக்கும். இதுவும் யாருக்கும் தொற்றாது, யார் செய்த பாவத்தாலும் வந்ததில்லை. முழுக்கப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, விரலின் முதல் கணு அளவுகூட வேண்டாம், அதில் பாதி. முதல் மாதம் தினம் ராத்திரி, அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். களிம்புப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இந்த இடத்தில் போடக் கூடாது என்று இருந்தாலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி, அந்தத் தாளைத் தானே உருவிக் குப்பையில் போட்டார். அதைப் படித்துப் பயந்து பாதியில் விட்டவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது.

இத்தோடு முடிந்திருந்தால் அழகம்மை ஆச்சியைப் பற்றித் தனியாக எழுதியிருக்க மாட்டேன். வலது பக்கத்தில் சின்னதாக, கொஞ்சம் தடித்து, ஆறாத புண் ஒன்று இருந்தது. களிம்புக்கு மற்ற இடமெல்லாம் இளகியது, அது மட்டும் அசையவில்லை. இந்த நோய் உள்ள சிலருக்கு வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறலாம். துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கல்யாணம் முடியட்டும் என்றார் ஆச்சி.

"புண்ணுக்கு முகூர்த்தம் தெரியாது ஆச்சி" என்றார் டாக்டர்.

அன்றைக்குப் பேசிப் பார்த்தோம், அடுத்த வாரமும் பேசினோம். சதை எடுத்தால் தையல், தையல் என்றால் வீட்டில் கேள்வி, கேள்வி என்றால் சம்பந்தி வீடு வரை போகும். சம்பந்தி அம்மா ஏற்கெனவே, பெண் வீட்டில் யாருக்காவது பரம்பரை நோய் உண்டா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாராம். வீட்டில் இவருக்கு பி.பி. என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பியதோடு விடவில்லை. சிங்கப்பூர் மகன் பி.பி. பார்க்கும் கருவி வாங்கி அனுப்பிவிட்டான். சுப்பையா வீட்டுச் சமையலில் உப்பை அறவே குறைக்கச் சொல்லி, ஊறுகாய் ஜாடிகளையெல்லாம் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரத்த அழுத்தமே இல்லாத ஆச்சி உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தகரப் பலகை இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

ஒருவழியாக, யாருக்கும் தெரியாமல் செய்வதாக இருந்தால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை வந்தார். வந்தவர் வராந்தா திருப்பத்திலேயே நின்று, சேலையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, கட்டுப் போடும் அறை வழியாகப் பின்பக்கமாக உள்ளே ஓடிவந்தார். வியர்த்துக் கொட்டியது. பட்டையைக் கட்டிப் பார்த்தேன். அன்றைக்கு நிஜமாகவே பி.பி. ஏறியிருந்தது.

பெஞ்சில் அவருடைய வருங்காலச் சம்பந்தி உண்ணாமலை ஆச்சி உட்கார்ந்திருந்தார்.

"என்னைய விசாரிக்கத்தான் வந்திருக்காக. எம் பொண்ணு வாழ்க்கை போச்சு. நான் போறேன் சிஸ்டர், என்னைய விட்ருங்க" என்று ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வாய் வரை வந்தது. உண்ணாமலை ஆச்சி யாரையும் விசாரிக்க வரவில்லை. பல வருடமாக எங்கள் வியாழக்கிழமை ஆள் அவர். இவருக்கு இருக்கும் அதே நோய்தான் அவருக்கும். அந்த ஒரு வரியைச் சொன்னால் இவர் பயம் போய்விடும், கட்டிலில் படுத்துவிடுவார். ஆனால் அந்த வரி என்னுடையது இல்லை. டாக்டரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவரும் யோசித்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு கேள்விக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

"சொல்லக் கூடாது மேரி. அந்தம்மா நம்மள நம்பிக் குடுத்தது. இவங்கள எப்படியாவது உக்கார வை, நான் பேசிப் பாக்குறேன்."

வெளியே வந்தேன். உண்ணாமலை ஆச்சி என்னைக் கூப்பிட்டார். கனத்த உடம்பு, வைரத்தோடு, ஒரு பார்வையில் ஆளை எடைபோடும் கண். உள்ளே ஓடினது அழகம்மைதானே என்று கேட்டார். எனக்கு யார் பெயரும் தெரியாது என்றேன். அவர் சிரித்தார்.

"நீ சொல்ல மாட்ட. அதுக்காகத்தான் நான் இங்கிட்டு வாரேன்."

பிறகு எழுந்து அறைக்குள் வந்து, கட்டிலை மறைத்திருந்த பச்சைத் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். டாக்டர் தடுக்க வாய் திறந்தார். ஆச்சி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அரசாங்க டாக்டரைக் கையைக் காட்டி நிறுத்திய ஒரே ஆள் அவர்தான்.

"அழகம்மை, நான் உண்ணாமலை பேசுறேன். திரைய வெலக்க மாட்டேன், பயப்படாதீங்க. எனக்கு பி.பி. இல்ல. ஒங்களுக்கும் இருக்காது. பி.பி. பாக்க யாரும் ரெண்டு பஸ் மாறி வர மாட்டாக. எனக்கு அங்கதான், தோலு வெளுத்துப் போயி, அரிச்சு, தூக்கம் இல்லாம நாயாப் பேயா அலைஞ்சேன். இந்த டாக்டரம்மாதான் காப்பாத்தினாக. எனக்கும் சதை எடுத்தாக. ஒரு ஊசி, ஒரு தையல், அம்புட்டுத்தான்."

திரைக்கு அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், புருவச் சட்டம் கண்ணீருக்கும் பொருந்துமா என்று தெரியாததால்.

"நோயி உண்டான்னு ரெண்டு தடவ கேட்டீகளே" என்று அழகம்மை ஆச்சியின் குரல் மட்டும் வந்தது.

"எம் மகன் கேக்கச் சொன்னான், கேட்டேன். என்னைய யாரும் திருப்பிக் கேட்டுரக் கூடாதேன்னு முந்திக்கிட்டும் கேட்டேன்."

அதற்குப் பிறகு வேலை சுலபமாக நடந்தது. அழகம்மை ஆச்சி படுத்தார். டாக்டர் மெல்லிய ஊசியில் மரப்பு மருந்து போட்டார். "இப்ப குத்தும், எண்ணுறதுக்குள்ள போயிரும்" என்றார். குத்தியது, போனது. பேனா மாதிரி இருக்கும் கருவியை வைத்து ஒரு திருகு. பயறளவு சதை. கத்தரித்து எடுத்து, மருந்து நீர் ஊற்றிய குப்பியில் போட்டு மூடினேன். தானாகக் கரையும் நூலில் ஒரு தையல். இத்தனையும் நடக்கும்போது உண்ணாமலை ஆச்சி திரைக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பந்தியில் இனிப்புக்குக் கவுனி அரிசியா பால் பணியாரமா என்று சம்பந்தியோடு பேச்சை ஆரம்பித்துவிட்டார். பால் பணியாரம் ஆறிவிடும் என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது. ஒரு கட்டத்தில் டாக்டரே தையலை நிறுத்தி, "ரெண்டையும் வைங்களேன், எனக்கும் பத்திரிகை வைங்க" என்றார். சதை எடுக்கும்போது சமையல் பட்டியல் முடிவானது என் சர்வீசில் அந்த ஒரு தடவைதான்.

சோதனை முடிவு வந்தது. புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் அதற்கு முந்தின படி. அந்த இடத்தை மட்டும் திருச்சியில் வைத்து எடுத்துவிட்டால் போதும், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். கல்யாணத் தேதிக்குள் ஆறாது என்பதுதான் சிக்கல். அன்றைக்குக் கூடவே வந்திருந்த உண்ணாமலை ஆச்சி ஒரு நொடியும் யோசிக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளுவோம் என்றார். ஊர் காரணம் கேட்குமே என்று அழகம்மை ஆச்சி கலங்கினார்.

"மாப்பிள்ளையோட அம்மாவுக்கு பி.பி. கூடிப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார் உண்ணாமலை ஆச்சி.

அப்படியே சொன்னார். ஊரும் நம்பியது. கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. நானும் டாக்டரும் போயிருந்தோம். மணவறைப் பக்கத்தில் அழகம்மை ஆச்சிக்கு மட்டும் பஞ்சு மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தது. போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெனிபர், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். போர்டு இருக்கட்டும். அதில் இருக்கும் வார்த்தைகளைத் தைரியமாகப் படித்துக்கொண்டு அதற்குக் கீழே வந்து உட்காரும் காலம் வரத்தான் வேண்டும். அதுவரைக்கும் பெஞ்சைப் பின்வராந்தாவுக்கு நகர்த்து, மேசையில் ஒரு பி.பி. கருவியை வை, ஒரு கைக்கண்ணாடி வாங்கு. ஆனால் பி.பி. ரூம் என்பது உள்ளே வருவதற்கான வாசல்தான். அங்கேயே யாரையும் நிறுத்திவிடாதே. ஏன் சொல்கிறேன் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை அழகம்மை ஆச்சி கணவரோடு வந்தார்.

திருச்சிக்குப் போகும்போது சின்னக் கட்டி என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார். நோயின் பெயர், இடம், மருதாணி, எல்லாவற்றையும் முந்தின நாள் ராத்திரிதான் சொன்னாராம். ஆச்சி உள்ளே டாக்டரிடம் இருந்தார். சுப்பையா பெஞ்சின் ஓரத்தில், இரும்பு தூக்கிக் காய்த்துப்போன கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் எழுந்து நின்றார்.

"மாசக்கணக்கா வீட்ல உப்பு இல்லாமத்தான் சிஸ்டர் சாப்பிடுறேன். அவ தனியாச் சாப்பிட்டா கஷ்டமா இருக்குமேன்னு நானும் விட்டேன். உப்பக் கொறைக்கிறதுதான் அவளுக்கு நான் செய்யிற வைத்தியம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவ ராத்திரி ராத்திரி எந்திரிச்சு உக்காந்திருப்பா. பி.பி.தான்னு திரும்பிப் படுத்துக்குவேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் ஆச்சி வெளியே வந்துவிட்டார். எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது, களிம்பு மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர். கணவரின் முகத்தைப் பார்த்ததும் ஆச்சிக்குப் புரிந்துவிட்டது. பையை அவர் கையில் கொடுத்தார்.

"வாங்க, போவோம். போற வழியில தங்கச்சி வீட்ல ஊறுகா ஜாடிய வாங்கிட்டுப் போயிரலாம்."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு எட்டு நடந்தவர் நின்று, மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்குக் கொழம்புக்கு உப்பு?"

"போட்டுத்தான் வைக்கிறேன்" என்றார் ஆச்சி.